முதுகுக்கும் தேய்மானம் உண்டு

ஆண்டு முடிவில் நெசவாளர் சங்கமொன்றின் ஐந்தொகையைப் புரட்டினால், தறிகளுக்கு இவ்வளவு தேய்மானம், கட்டடத்திற்கு இவ்வளவு, மேசை நாற்காலிகளுக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கக் காணலாம். அவை முறைப்படி எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது ஆய்வாளராகிய நமது கடமைகளில் ஒன்று. ஆயின், அத்தறியிலே இருபத்தைந்து ஆண்டுகள் குனிந்திருந்து நெய்த அங்கத்தினரின் முதுகுக்கு எந்தப் பேரேட்டிலும் தேய்மானம் எழுதப்படுவதில்லை. தறி பழுதானால் புதுத் தறிக்குக் கடன் உண்டு. முதுகு பழுதானால் அவசரக் கடன் மனு ஒன்று வருகிறது. "மருத்துவச் செலவு" என்ற இரண்டே சொற்களில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய மனுக்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர் நாம். இக்கட்டுரை அவற்றிலிருந்து பிறந்தது.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய எக்கியார்குப்பம் மீனவர் வாழும் கடற்கரைக் குப்பம். அந்தப் பக்கத்து உழைப்பை அறியாதவர்க்குச் சில சொற்கள் கூறல் வேண்டும். உப்பளத் தொழிலாளி வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்குகிறார். படிந்த உப்பைப் பலகையால் வாரி ஒதுக்குவதும், கூடையில் ஏற்றித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பதும் ஒரு நாளில் எத்தனை முறை நிகழ்கின்றனவோ, அத்தனை முறையும் கழுத்து, இடுப்பு, முழங்கால் மூன்றும் அச்சுமையைத் தாங்குகின்றன. கடலுக்குச் செல்வோர் வலை இழுத்துத் தோள் சோர்கின்றனர். சற்று உள்ளே சென்றால், மல்லாட்டை பிடுங்கியும் நாற்று நட்டும் குனிந்தவர் குனிந்தபடியே பொழுதைக் கழிக்கும் வேளாண் மக்களைக் காணலாம். மாலையில் இவர்கள் அனைவருடைய வாயிலும் ஒரே சொல்தான்: அலுப்பு.

இந்த அலுப்பைப் போக்க என்ன செய்கிறார்கள்? சிலர் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். சிலர் குடிக்கின்றனர். "உடம்பு அலுப்புக்குத்தானுங்க ஐயா" என்று நம்மிடம் கூசாமல் கூறியவர் பலர். அக்கூற்று முழுவதும் உண்மையன்று, முழுவதும் பொய்யுமன்று. 2023 மே மாதத்தில் இதே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தியவர்களுக்கு நேர்ந்த கதியை நாடு அறியும். மரக்காணம் வட்டாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுத்து உயிரையும் கொல்லும் நஞ்சு. இறந்தவர் ஒவ்வொருவரும் எதற்காகக் குடித்தார் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. விற்றவரைப் பிடிப்பது காவலரின் வேலை. எனினும், உழைத்து நொந்த உடம்புக்கு ஊரில் வேறு ஆறுதல் என்ன இருந்தது என்று கேட்பது சங்கங்களை நடத்துவோர் அனைவருக்கும் உரிய வேலை என்பது நமது கருத்து.

மாத்திரையும் இடரற்றதன்று. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் வலி நீக்கிகளில் பல, நாள்தோறும் உண்டால் வயிற்றைப் புண்ணாக்குவன, சிறுநீரகத்தையும் தாக்குவன. வியர்வையால் உடலின் நீர் வற்றிய நிலையில் உண்பது பின்னும் கேடு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழகத்து உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தபோது, வெப்பம் பாதுகாப்பான அளவைக் கடந்திருப்பதையும், நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் செயல் குன்றியிருப்பதையும் கண்டனர். ஏற்கெனவே வெயிலால் வாடும் சிறுநீரகத்தின்மேல் மாத்திரையின் சுமையையும் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது.

குடியும் மாத்திரையும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று நம் முன்னோரிடம் இருந்தது. அதற்கு வேண்டுவன பயின்ற இரண்டு கைகள், சிறிது எண்ணெய், அரை மணி நேரம். பிடித்துவிடுதல், நீவுதல், உருவுதல், வழித்தல் என்று மக்கள் வழங்கும் இக்கலைக்குச் சித்த மருத்துவ நூல்கள் இட்ட பெயர் தொக்கணம்.

சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரித்துள்ளது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது முதலியவற்றோடு தொக்கணமும் அவற்றுள் ஒன்று. தொக்கணமே மேலும் ஒன்பது வகைப்படும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்பன. எங்கும் ஒரே வகையாகத் தேய்ப்பது தொக்கணமன்று என்பதை இப்பெயர்களே உணர்த்தும். இறுகிய தசைக்கு ஒரு முறை. பிடித்துக்கொண்ட மூட்டுக்கு வேறொரு முறை. சோர்ந்த கால்களுக்கு மற்றொரு முறை. தென்கோடியில் குமரி மாவட்டத்து ஆசான்கள் போற்றி வரும் வர்ம மருத்துவம் இதனினும் நுண்ணியது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக 108 வர்ம இடங்களை அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே விரல் அழுத்தம் கொடுக்கும் முறை அது. ஆசானிடம் முறையாகப் பயிலாதவர் அதில் கைவைத்தல் ஆகாது.

அண்டை நாடாகிய கேரளத்தில் இக்கலை தனிச் சிறப்புற்று விளங்குகிறது. மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து நீவும் சவிட்டித் திருமல், களரிப் பயிற்சியோடு வளர்ந்தது. இளஞ்சூடான எண்ணெயைத் துணியில் நனைத்து உடலின்மேல் பிழிவது பிழிச்சில். ஞவரை நெல்லின் அரிசியைக் குறுந்தோட்டிக் கஷாயமும் பாலும் சேர்த்து வேகவைத்து, துணியில் பொட்டணமாகக் கட்டி ஒற்றித் தேய்ப்பது ஞவரக்கிழி. நெல் உணவாவதோடு நில்லாது மருந்தும் ஆவதை நம் வேளாண் அன்பர்கள் கருத வேண்டும்.

இக்கலை நமக்கு மட்டுமே உரியது என்று செருக்குவதற்கும் இடமில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் (1838-1909) நீவல், பிசைதல், உராய்தல், தட்டல் என்று முறைகளை வகுத்து, உடற்பிடிப்பை மேலை மருத்துவத்தில் மதிப்புக்குரிய இடத்தில் வைத்தார். அவர் வகுத்தவற்றுக்கும் நம் ஒன்பது வகைக்கும் உள்ள ஒற்றுமை வியப்பைத் தருவது. தாய்லாந்து மக்கள் போற்றும் "நுவாட் தாய்" என்னும் பிடிப்பு முறையை 2019-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகக் கண் பார்வையற்றோர் இதனைத் தமக்குரிய தொழிலாகக் கொண்டு மதிப்போடு வாழ்ந்தனர். அவர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளிகளை அமைத்த சுகியாமா வாய்ச்சி (1610-1694) தாமும் பார்வையற்றவரே.

நிற்க. இதனால் உடலுக்கு விளையும் நன்மை யாது என்று கேட்பவர்க்கு விடை கூறல் வேண்டும். தசை நெடுநேரம் ஒரே நிலையில் இறுகி நின்றால் அதனுள் குருதியோட்டம் தடைப்பட்டு வலி பிறக்கிறது. அழுத்தி நீவும்போது இறுக்கம் தளர்கிறது. மூட்டு அசையும் எல்லை விரிகிறது. வலியை அறிவிக்கும் நரம்புகள் அடங்குகின்றன. மனமும் அமைதியுற்று உறக்கம் வருகிறது. 2011-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், நாட்பட்ட இடுப்பு வலியுடைய 401 பேரை ஆராய்ந்தனர். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் பிடித்துவிடப் பெற்றவர்கள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவான நலம் அடைந்தனர். ஓராண்டு கழிந்தபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிட்டது என்பதையும் அதே ஆராய்ச்சி கூறுகிறது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கழகம் தன் வழிகாட்டியில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னர் வெப்ப ஒற்றடம், உடற்பிடிப்பு முதலியவற்றை நாடுமாறு பரிந்துரைத்தது. நம் பாட்டிமார் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

ஆகவே, தொக்கணம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோரை நம்பவேண்டா. அது நீரிழிவைத் தீர்க்காது, கொழுப்பைக் கரைக்காது, முறிந்த எலும்பைச் சேர்க்காது. நாள்தோறும் உழைக்கும் உடம்பின் வலியைத் தணித்து, மறுநாள் உழைப்புக்கு ஆயத்தப்படுத்தும். அவ்வளவே அதன் பயன். உழைப்பாளிக்கு அது சிறு பயனன்று.

தொழிலுக்குத் தொழில் நோகும் இடம் வேறு. குழித்தறியில் அமர்ந்திருப்பவர், ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுத்து, மறு கையால் பலகையைத் தள்ளி, இரு கால்களாலும் மாறிமாறி மிதிக்கிறார். அவருக்கு இழுக்கும் கையின் தோளும், கழுத்தின் அடியும், இடுப்பின் இரு பக்கமும் நோகும். அவ்விடங்களில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவி, உள்ளங்கையால் நெடுக நீவி, கட்டைவிரலால் மெல்ல அழுத்தித் தளர்த்தலாம். நாற்று நடுபவருக்குத் தொடையின் பின்புறமும் இடுப்பும் முதன்மையானவை. சுமை தூக்கும் உப்பளத்தார்க்குக் கழுத்தும் கெண்டைக்காலும். இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடமிடுவது நம் வீடுகளில் வழங்கும் எளிய மருத்துவம். ஊருக்கெல்லாம் உப்பு விளைவிக்கும் தொழிலாளியின் இடுப்புக்கு அந்த உப்பு ஒற்றடம் கிட்டுகிறதா என்று நாம் வினவியபோது, "அதுக்கு யாருங்க ஐயா நேரம்?" என்ற விடையே வந்தது. நொச்சி, வாதநாராயணன், புளி ஆகியவற்றின் இலைகள் வேலியோரத்தில் காசின்றிக் கிடைப்பவை. இவற்றை வதக்கி ஒற்றடமிடுவதும் வீக்கத்தைத் தணிக்கும்.

குழந்தைகளையும் மறத்தல் கூடாது. காலை நீட்டி அமர்ந்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தடவி நீவிக் குளிப்பாட்டும் பழக்கத்தைப் பழமை என்று இகழ்ந்தவர் உண்டு. 1986-இல் அமெரிக்காவில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் மும்முறை பதினைந்து நிமிடம் வீதம் பத்து நாட்கள் மெல்ல நீவி விட்டபோது, அவை மற்றக் குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 விழுக்காடு மிகுதியாக எடை கூடின. ஆயின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மூக்கில் ஊதுவதும், தலையைப் பிடித்து அமுக்கி உருவாக்குவதும் தீங்கானவை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் குழந்தைக்கு உயிர்க்கேடு. நல்ல பழக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதிலுள்ள களையைப் பறித்தே ஆகவேண்டும்.

எச்சரிக்கைகள் இன்னும் சில உண்டு; அவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் பதிப்பது நன்று. காய்ச்சல் உள்ளபோதும், தோலில் புண்ணோ தொற்றோ உள்ள இடத்திலும் நீவுதல் கூடாது. விழுந்து அடிபட்டு எலும்பு முறிந்த ஐயம் இருந்தால், சுளுக்கென்று கருதி வழிக்க விடாமல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சுடுமாயின், குருதி உள்ளே உறைந்திருக்கலாம். அதனை நீவினால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிர் போகலாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்க்குச் சூட்டின் அளவு தெரியாது, ஒற்றடம் புண்ணாக்கிவிடும். முடிவெட்டிக்கொள்ளும் இடத்தில் கழுத்தைத் திடீரென முறுக்கிச் சொடுக்கெடுத்துக்கொள்ளும் வழக்கத்தை அன்பர்கள் அறவே விடல் வேண்டும். கழுத்தின் குருதிக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வலியோடு சிறுநீர் அடைப்போ, கால் மரத்துப்போதலோ, எடை குறைதலோ இருந்தால் அது தொக்கணத்துக்குரியதன்று. உடனே மருத்துவரை நாடுக.

இனி, நமது கருத்துக்கு எதிராகக் கூறப்படும் தடைகளைப் பார்ப்போம். "இது செல்வர்களின் பொழுதுபோக்கு, உழைப்பாளிக்கு எதற்கு?" என்பது முதல் தடை. சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விடுதிகள் சிலவற்றில் ஒரு மணி நேர மசாஜுக்குப் பெறும் கட்டணத்தைக் கேட்டால் இத்தடை நியாயமென்றே தோன்றும். நாற்காலியில் அமர்ந்து பணி செய்துவிட்டு வந்து இளைப்பாறுவோர்க்கு அச்சாலையின் ஓரத்தில் தைலமும் கைகளும் காத்திருக்கின்றன. அதே சாலையை ஒட்டிய உப்பளத்தில் கூடை சுமந்தவர்க்கு மட்டும் அது ஆடம்பரம் எனப்படுகிறது. தேய்ந்த பொருளுக்கே பராமரிப்பு வேண்டும் என்ற சாதாரண நியாயத்தின்படி பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு பூனா நகரத்தில் இயற்கை மருத்துவ நிலையம் நடத்த முனைந்த காந்தியடிகள், ஏழைகள் நகரத்தைத் தேடி வரமாட்டார்கள் என்று உணர்ந்து, உருளிகாஞ்சன் என்னும் கிராமத்துக்கே சென்று அதனை அமைத்தார். அவருக்குத் தெரிந்த நியாயம் இன்று நமக்கும் தெரிய வேண்டும்.

"மசாஜ் என்றாலே ஊரில் வேறு பொருள் கொள்கிறார்களே" என்பது இரண்டாவது தடை. ஒரு சொல்லைச் சிலர் கெடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பயனுள்ள மருத்துவத்தைக் கைவிடுதல் முறையன்று. சங்கத்தின் கட்டடத்திலே, பெண்களுக்குப் பெண்களும் ஆண்களுக்கு ஆண்களும், குறித்த நாளில், பெயரேட்டில் பதிந்து செய்தால் பழிச்சொல்லுக்கு இடமேது? "இன்று பிடித்தால் நாளை வலி திரும்பி வருமே" என்பது மூன்றாவது. உண்மை. இன்று உண்டால் நாளையும் பசிக்கத்தான் செய்கிறது. ஆயினும் வலிக்கு வித்தாகும் வேலைமுறையையும் உடன் திருத்த வேண்டும் என்பதை நாம் ஒப்புகிறோம். இருக்கையின் உயரம், கூடையின் அளவு, நண்பகல் ஓய்வு, நிழல், குடிநீர் ஆகியவை சரியாகாமல் எண்ணெய் மட்டும் பயன் தராது.

ஆகவே, நாம் சங்கங்களின் முன் வைக்கும் யோசனை இது. ஒவ்வொரு சங்கமும் தனியே செய்ய இயலாவிடில், அருகிலுள்ள நெசவாளர், மீனவர், வேளாண்மைச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, ஓர் அறையும் இரண்டு மரக்கட்டில்களும் ஒதுக்கட்டும். வாரத்தில் இரு மாலைகள் போதும். முதலில் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டி, இன்னாருக்குப் பிடிப்பு தகும், இன்னாருக்குத் தகாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வரும் பணிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. அரசாங்கத்தார்க்கு இது புதிய எண்ணமன்று என்பதற்கு அதுவே சான்று.

கைகளுக்குப் பஞ்சமில்லை. சுளுக்கு வழிக்கும் மூதாட்டியர் இன்றும் குப்பங்களில் உள்ளனர். அவர்தம் கையறிவோடு, உடற்கூறும் மேலே கூறிய எச்சரிக்கைகளும் சேரும்படி பயிற்சி தரல் வேண்டும். 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் திறக்கப்பெற்ற தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கும் மாநிலத்தில் கற்பிப்போர் கிடைக்கமாட்டார்கள் என்று கூறுவது பொருந்தாது. அங்கத்தினர் குடும்பங்களில் பார்வையற்ற இளைஞர் இருந்தால், ஜப்பானியரைப் போல் அவரை முதலில் அழைத்துப் பயிற்றுவித்தால், ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பும் கிட்டும்.

தைலத்துக்கும் நாம் வெளியே அலைய வேண்டுவதில்லை. 1944-ஆம் ஆண்டு சென்னையில் இந்திய மருத்துவர்கள் கூட்டுறவு முறையில் நிறுவிய மருந்துச் சாலையாகிய இம்ப்காப்ஸ், சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளைச் செய்து வருவது கூட்டுறவாளர் அறிந்ததே. மருத்துவர்கள் ஒன்றுகூடி மருந்து செய்ய இயன்றதெனில், நெசவாளரும் உழவரும் ஒன்றுகூடி அதனை வாங்கிப் பயன்படுத்தல் இயலாததா? எளிய அலுப்புக்குத் தைலமும் வேண்டா. எள் விளைவிக்கும் அங்கத்தினரின் செக்கெண்ணெயே போதும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று முன்னோர் சொன்ன பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இடம் கிடைக்காது.

செலவைப் பற்றி: அங்கத்தினர் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிறு தொகை செலுத்தட்டும். இலவசமாகத் தருவதை மக்கள் மதிப்பதில்லை. செலுத்த இயலாதவர்க்கு விலக்கு அளிக்கலாம். எஞ்சிய செலவுக்குச் சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில் பொது நன்மை நிதியிலிருந்து ஒதுக்கப் பேரவை தீர்மானிக்கலாம். அந்நிதி பல சங்கங்களில் விழாவுக்கும் பரிசளிப்புக்கும் செலவாவதை நாம் பார்த்து வருகிறோம். அவை வேண்டா என்பதன்று. நொந்த உடம்புக்கும் அதில் பங்கு உண்டு என்பதே நமது வேண்டுகோள்.

ஓர் அறை திறந்தால் குடி ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. குடிநோயாளிக்கு மருத்துவரும் குடும்பத்தாரும் செய்யவேண்டிய பணி வேறு. எனினும் வேலை முடிந்து அலுப்போடு திரும்பும் ஒருவருக்குச் செல்வதற்கு வேறொரு கதவு திறந்திருப்பது நல்லது. 2023 மே மாதத்துக்குப் பின் எக்கியார்குப்பத்துப் பக்கம் செல்லும்போதெல்லாம் இவ்வெண்ணம் நம்மை விட்டு அகலுவதில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் நிர்வாகக் குழுவினரையும் வேண்டிக்கொள்கிறோம். தீர்மானம் நிறைவேற்றிய சங்கங்கள் தம் அனுபவத்தை இவ்விதழுக்கு எழுதினால், ஏனைய சங்கங்களுக்கும் அது வழிகாட்டியாக அமையும்.